விலை சொல்லத் தெரியாத சைக்கிள்



நேற்று நாகல் நகர் பக்கம் போனேன். நம் பள்ளிக்கு எதிரே இருந்த சைக்கிள் கடை இப்போது செல்போன் கடை. அந்த அண்ணனைப் பலருக்கும் நினைவிருக்கும். மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விடுவார், பஞ்சர் ஒட்டுவார்.

1980களின் கடைசியில், போலியோவால் கால் நடக்காத நம் மாணவன் ஒருவனுக்கு அவர் ஒரு வண்டி செய்தார். இரண்டு பழைய பிரேம்களை வெட்டி வெல்டிங் வைத்து, பின்னால் இரண்டு சக்கரம் மாட்டினார். காலால் மிதிக்க முடியாத பிள்ளை கையால் சுற்றட்டும் என்று பெடலை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினார். பையனின் கை நீளத்தை என் அடிஸ்கேலால்தான் அளந்தார். அவன் அப்பா விலை கேட்டபோது சாமான் செலவை மட்டும் சொன்னார். "கூலி?" என்றேன். "இதுக்கு எவ்வளவு கேக்குறதுன்னு தெரியல சார். இது மாதிரி இன்னொண்ணு நான் வித்ததில்லையே" என்றார்.

சைக்கிளின் வரலாறே இப்படித்தான். 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் தாம் செய்த மர வண்டியை ஓட்டிக் காட்டினார். இரண்டு சக்கரம் உண்டு, பெடல் கிடையாது. காலால் தரையை உந்த வேண்டும். மறு ஆண்டு பாடன் அரசு அவருக்கு உரிமை கொடுத்தது. அந்த எல்லைக்கு வெளியே பலரும் பார்த்துச் செய்து விற்றார்கள். அவர் 1851-இல் வறுமையில் இறந்தார்.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. பீகார் மோதிஹாரியைச் சேர்ந்த முகமது சைதுல்லா, 1975 வெள்ளத்தின்போது தண்ணீரிலும் ஓடும் சைக்கிளைச் செய்தார். மிதக்க நான்கு காற்றுப்பெட்டிகள். தண்ணீரைத் தள்ளப் பின்சக்கரக் கம்பிகளில் விசிறித் தகடுகள். 30 ஆண்டு கழித்து, 2005-இல், அப்துல் கலாம் கையால் விருது பெற்றார். அதன் பிறகும் அந்த சைக்கிள் கடைகளில் விற்கும் பொருளாகவில்லை.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற கம்பெனிக்கு விலை போடுவது எளிது. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். ஒன்றே ஒன்று செய்பவன், யோசித்த நேரத்தை யாரிடம் கேட்பான்? கையால் செய்யும் நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுத் தொழிலாளியின் கூலிக் கவலை இன்னும் தீரவில்லை.

டிரைஸ் பெயரை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எதிர்க்கடை அண்ணனை ஒருநாள்கூட வகுப்புக்குக் கூப்பிட்டு, "இவர்தான் செய்தார்" என்று உங்களுக்குக் காட்டவில்லை. அது என் தவறு. இப்போது அவர் இல்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்கள் பள்ளிக்கு எதிரேயும் ஒரு பட்டறை இருக்கும். அவரை ஒருநாள் கூப்பிடுங்கள். அந்த வண்டியின் படம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள்.