பூச்சிக்கொல்லிப் பூஞ்சைகள்

பூச்சிகளின் உடலில் நோயாக வளர்ந்து அவற்றைக் கொல்லும் பூஞ்சைகள். பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் உயிரியல் மருந்தாக இவை தெளிக்கப்படுகின்றன. பியூவேரியா, மெட்டாரைசியம் ஆகிய இரு பேரினங்களே அதிகம் பயன்படுபவை.

செயல்படும் விதம்

பூச்சிகளைக் கொல்லும் பாக்டீரியாவும் வைரஸும் பெரும்பாலும் இரையோடு வயிற்றுக்குள் போக வேண்டும். பூஞ்சைக்கு அது தேவையில்லை. அதன் வித்து பூச்சியின் மேல்தோலில் ஒட்டி முளைத்து, நொதிகளால் தோலைக் கரைத்துத் துளையிட்டு உள்ளே நுழைகிறது. இதனால் இலையைக் கடிக்காமல் சாறு மட்டும் உறிஞ்சும் பூச்சிகளும் தப்புவதில்லை. சில நாட்களில் பூச்சி இறக்கும். காற்றில் ஈரம் போதுமானால், இறந்த உடலின் மேல் பியூவேரியா வெண்மையாகவும் மெட்டாரைசியம் பச்சையாகவும் படரும்.

வரலாறு

இத்துறையின் தொடக்கம் பட்டு வளர்ப்பில். இத்தாலியில் பட்டுப்புழுக்களை அழித்துவந்த சுண்ணாம்பு நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்று அகோஸ்தினோ பாஸ்ஸி 1835இல் நிறுவினார். அந்தப் பூஞ்சை இன்று அவர் பெயரால் பியூவேரியா பாசியானா எனப்படுகிறது.

நன்மை தரும் புழுவைக் கொன்ற நோயைத் தீமை செய்யும் பூச்சியின் மேல் ஏவலாம் என்ற எண்ணம் ரஷ்யப் பேரரசில் செயல்வடிவம் பெற்றது. 1879இல் ஒதெசாவில் இலியா மெச்னிக்கோவ், கோதுமை வண்டின் புழுக்களில் பச்சைப் பூஞ்சையைக் கண்டு, அதைச் செயற்கையாக வளர்த்துக் காட்டினார். 1884இல் கிராசில்ஷ்சிக், உக்ரைனின் ஸ்மேலாவில் உற்பத்திக்கூடம் அமைத்து, நான்கே மாதங்களில் அதே பூஞ்சையின் 55 கிலோ வித்துகளைத் தயாரித்து, சர்க்கரைப் பீட் கூன்வண்டுக்கு எதிராக இறக்கினார்.

அமெரிக்காவின் கான்சாஸில் பிரான்சிஸ் ஸ்னோ, தானியப் பயிர்களைத் தாக்கும் சின்ச் பூச்சிக்கு எதிராக, பூஞ்சை நோயுற்ற பூச்சிகளையே விவசாயிகளுக்கு வழங்கினார். ஈரமான பருவங்களில் பலன் கிடைத்தது, வறட்சியில் கிடைக்கவில்லை. பூஞ்சை ஏற்கெனவே வயல்களில் நிறைந்திருந்தது என்றும், நோய் பரவுவதை வானிலையே தீர்மானித்தது என்றும் 1911இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் டி.டி.டி. போன்ற ரசாயனங்கள் வந்ததும் பூஞ்சைகள் மேலும் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

ரசாயனங்களுக்குப் பூச்சிகள் பழகிக்கொள்ள, ஆர்வம் திரும்பியது. சோவியத் ஒன்றியத்தில் பியூவேரியாவிலிருந்து ‘போவெரின்’ தயாரிக்கப்பட்டது. பிரேசிலில் கரும்பின் நுரைப்பூச்சிக்கு மெட்டாரைசியம் பெருமளவில் தெளிக்கப்படுகிறது. 1989இல் தொடங்கிய லுபிலோசா என்னும் பன்னாட்டுத் திட்டம் ஆப்பிரிக்க வெட்டுக்கிளிகளுக்காக ‘கிரீன் மசில்’ மருந்தை உருவாக்கியது. வித்துகளை எண்ணெயில் கலந்ததால் வறண்ட நிலத்திலும் அது வேலை செய்தது. கான்சாஸில் தடையாக இருந்த வறட்சிச் சிக்கல் ஓரளவு நீங்கியது.

இன்றைய பயன்பாடு

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தென்னையின் காண்டாமிருக வண்டு எருக்குழிகளில் முட்டையிடுவதால், அங்கேயே மெட்டாரைசியத்தை இட்டுப் புழுக்களை அழிக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் வித்துகளைக் கெடுப்பதால் மாலையில் தெளிப்பதே முறை. பூஞ்சைக்கொல்லியுடன் கலந்தால் மருந்தே செத்துவிடும். ரசாயனத்தைப் போல உடனே கொல்லாது என்பதால், பூச்சி பெருகும் முன்பே தெளிக்க வேண்டும்.