பாடாத பெட்டி

வீணையின் குடம் பலாமரத்தால் ஆவது. நரம்பு அதிரும்பொழுது குடமும் உடன் அதிர்கின்றது. அவ்வதிர்வே நாதமாகிச் செவியை நிறைக்கின்றது. மரம் பாட வேண்டும் என்பது இசைக்கருவி செய்வோர் கண்ட நெறி. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு உரிய நெறியோ இதற்கு நேர்மாறானது. ஒலிபெருக்கிதான் பேச வேண்டும். பெட்டி வாய் திறத்தல் ஆகாது. இவ்வுண்மை தெளிவுபெற்ற வரலாற்றில், பொழுதுபோக்காக வீட்டிலேயே பலகை அறுத்துப் பெட்டி செய்தோரின் பங்கு சிறிதன்று.

1925-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர்களான ரைஸ், கெல்லாக் இருவரும் கம்பிச்சுருளால் இயங்கும் காகிதக் கூம்பு ஒலிபெருக்கியை வெளியிட்டனர். கூம்பு முன்னோக்கி நகருங்கால் முன்புறக் காற்று நெருக்கமுறும். பின்புறக் காற்றோ தளர்வுறும். இவ்விரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும். தாழ்ந்த ஒலிகள் மறைந்துபோம். இவற்றைப் பிரித்து வைப்பதற்கே பெட்டி வேண்டப்பட்டது. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் ஆழ்ந்த ஓசை எழுவதைச் சிறுவரும் அறிவர். அதே முறையில் பெட்டிக்குத் துளை அமைத்துத் தாழ்ந்த ஒலியை வலுப்படுத்தும் வழியைத் துராஸ் என்பார் கண்டு, 1932-இல் காப்புரிமை பெற்றார்.

அதே 1932-இல் இங்கிலாந்தின் இல்க்லி என்னும் ஊரில், கில்பர்ட் பிரிக்ஸ் தம் வீட்டு நிலவறையில் முதல் ஒலிபெருக்கியைச் செய்தார். அம்முயற்சியே வார்ஃப்டேல் நிறுவனமாக வளர்ந்தது. 1948-இல் எளிய நடையில் அவர் எழுதிய நூல் ஆர்வலர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. இரு பலகைகளுக்கு இடையே மணலை நிரப்பி மரத்தின் அதிர்வை அடக்கும் முறையையும் அவர் கையாண்டார். 1954-இல் எட்கர் வில்சூர் என்னும் ஆசிரியர், முற்றும் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். 1961-இல் ஆஸ்திரேலியரான தீல் வகுத்த கணக்குகளை, 1970-களில் ஸ்மால் விரித்துரைத்தார். அதன்பின், ஒலிபெருக்கியின் அளவெண்களைக் கொண்டே பெட்டியின் கொள்ளளவைக் கணித்தறிதல் எவர்க்கும் இயல்வதாயிற்று.

இவ்வரலாற்றில் தமிழர்க்கு என்ன உறவு எனலாம். 1934-இல் பினாங்கில் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்றே ஒலிபரப்பைத் தொடங்கி, தமிழிலும் நிகழ்ச்சிகளை வழங்கியது. மலாயாவில் தமிழ் காற்றில் ஏறியதும் ஆர்வலர் கையால்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பினாங்கிற்கு வடக்கே, கெடாவின் குபாங் பாசு மாவட்டத்தில், நெல்வயலும் பால்மரமும் கண்ட ஊர் ஜித்ரா. பால்மரம் ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படும். முன்னாளில் அது விறகாகவே எரிந்தது. வண்டும் பூஞ்சையும் எளிதில் பற்றுவதால் தச்சர் அதனை விரும்பவில்லை. மருந்தேற்றி உலர்த்தும் முறை வந்தபின், 1970-களின் இறுதி முதல் அது தளவாட மரமாக மதிப்புப் பெற்றது. அம்மரத்தை இழையாக்கி அழுத்திய பலகையும் மலேசியாவில் உருவாகின்றது. நாரோட்டமின்றி எங்கும் ஒரே சீராக இருக்கும் அத்தகைய பலகை, பெட்டி செய்வோர் விரும்புவது. தோட்டத் தொழிலாளர் வைகறையில் சீவிய மரம், அவர்தம் பேரர் கையில் ஒலிப்பெட்டியாகும் வாய்ப்பு இவ்வாறு அமைந்தது.

செய்முறை அரிதன்று. பதினெட்டு மில்லிமீட்டர் தடித்த பலகையை அளவாக அறுத்தல், மூலைகளைக் காற்றுப் புகாவண்ணம் பசையிட்டு இறுக்குதல், உள்ளே குறுக்குச் சட்டம் பொருத்துதல், பஞ்சு இடுதல் ஆகியவை போதும். விரல் முட்டியால் தட்டுங்கால் நெடிது ஒலிக்குமாயின் பெட்டி பாடுகின்றது. சட்டென ஓசை அடங்குமாயின் பணி செவ்விதே.

தமிழாசிரியர் இதில் கருத்துச் செலுத்த வேண்டிய காரணம் ஒன்று உண்டு. பெட்டியின் முழக்கம் மிகுந்தால், லகர ளகர ழகர வேறுபாடு மங்கிப்போகும். பள்ளி விழாவில் மாணவன் ழகரத்தைத் திருத்தமாக ஒலித்தும், அவையோர் செவிக்கு அது எட்டாதொழிவது எத்துணை இழப்பு! உச்சரிப்பைத் திருத்துவதோடு அதனைச் சுமந்து செல்லும் கருவியையும் திருத்த வேண்டும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையில் ஒரு பெட்டியை மாணவர் தாமே செய்வாராயின், கணிதமும் அறிவியலும் கைத்திறனும் ஒருங்கே பயில்வர். தமிழொலியின் அருமையும் அவர் செவிக்குப் புலனாகும்.