இலிகிதர்கள் பணயம் வைத்த உத்தியோகம்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். அந்த உத்தியோகத்துக்கு முடிவில் ஓய்வூதியம் உண்டு. சீதனப் பேச்சிலும் தனி மதிப்பு உண்டு. அத்தகைய உத்தியோகத்திலிருந்த இலிகிதர்கள் 1947ஆம் ஆண்டு அதனைப் பணயம் வைத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் என்றால், நேயர்களே, அது சிறிய துணிவன்று.

அவர்கள் கேட்டவற்றுள் தலையாயது தொழிற்சங்க உரிமை. ஆலைத் தொழிலாளி ஒருவன் வேலையிழந்தால் வேறோர் ஆலையின் வாயிலிலே போய் நிற்கலாம். அரசாங்கம் விலக்கிய இலிகிதர் எந்தக் கந்தோரின் படியேறுவார்? அவருக்கு முதலாளி ஒருவரே. ஆயினும் காலம் சாதகமாகத் தோன்றியது. பிரித்தானியர் ஆட்சி முடியும் தறுவாயில் இருந்தது. பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதங்கூட இல்லை. கொழும்பு நகரத் தொழிலாளரும் வேலையை நிறுத்தியிருந்தனர்.

யூன் 5ஆம் திகதி வேலைநிறுத்தக்காரரின் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டனர். கந்தசாமி என்னும் இலிகிதர் உயிரிழந்தார். பதவி போகலாம், ஓய்வூதியம் போகலாம் என்று கணக்கிட்டவர்கள் இதனையும் கணக்கிற் சேர்த்திருப்பார்களா?

வேலைநிறுத்தம் தோற்றது. அரசாங்க இலிகிதர் சேவைச் சங்கத் தலைவர் ரி. பி. இலங்கரத்தின உத்தியோகத்தை இழந்தார். அவர் 1948இல் கண்டித் தொகுதி இடைத்தேர்தலில் வென்றதையும், 1956இல் தொழில் அமைச்சரானதையும் சொல்லி, இழப்பெல்லாம் ஈடாயிற்று என்பாருண்டு. நான் அப்படிக் கருதவில்லை. தலைவருக்குத் தேர்தல் மேடை இருந்தது. பின்னால் நின்றவருக்கு அது இல்லை. 1948ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அரசாங்க ஊழியருக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை வழங்கியது உண்மையே. ஆனால் பிற தொழிலாளரின் சங்கங்களோடு அவை இணைதலாகாது என்றும் விதித்தது. 1947இல் அவர்களுக்குப் பலமாயிருந்தது அந்தக் கூட்டுறவேயன்றோ!

இன்னொரு விளைவு மெதுவாகத் தெரியவந்தது. வேலைநிறுத்தம் நடந்த அதே யூன் மாதத்தில் அரசாங்க சபை பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்ய வழிவகுத்த சட்டம் அது. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 1980 யூலையில், 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் அச்சட்டத்தையே கையிலெடுத்தது. சேவைகள் அத்தியாவசியமானவை என அறிவிக்கப்பட்டன. கடமைக்குத் திரும்பாதவர் பதவியைத் தாமே துறந்தவராகக் கொள்ளப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். இம்முறை அண்மையில் தேர்தலும் இல்லை. நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வென்றிருந்த அரசாங்கம் எவருக்கும் அஞ்ச வேண்டியதும் இல்லை. மீண்டும் வேலை கிடைப்பதற்குப் பலர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர்.