ஏலமலை ஏறிய ஜீப்பும் அதற்குள் இருந்த டிராக்டரும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. இன்று ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு போட்டோ அனுப்பினான். மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு குட்டி டிராக்டர். நம் வீட்டுக் கட்டில் அகலம்கூட இருக்காது. 'கப் கேடட்' என்று பெயராம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற கம்பெனி 1961-ல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெறும் 7 குதிரைத்திறன். வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும் சின்ன வண்டி இழுக்கவும் செய்தது. அங்கே இப்படிப்பட்ட பழைய தோட்டத்து டிராக்டர்களைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, பிரித்து மேய்ந்து, மறுபடி ஓட வைப்பதைப் பலர் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். இவனும் அதில் இறங்கிவிட்டான்.

"மாமா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணும் இல்லையே" என்று கேட்டிருந்தான். "இருக்குடா, எழுதுறேன்" என்றேன். அந்தப் பதில்தான் இது.

முதலில் நம் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். போடியிலிருந்து மேற்கே போனால் முந்தல். அங்கிருந்து போடிமெட்டு சுமார் 20 கி.மீ. மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறிவிட்டால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று ஏலத்தோட்டங்கள். 1956-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது மலை கேரளத்துக்குப் போனது, அடிவாரம் நமக்கு வந்தது. காய் அங்கே விளையும். காய் எடுக்கிற கைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து போகும். ஏலமும் வியாபாரமும் மறுபடி இங்கே நடக்கும்.

மலையில் சரக்கை ஏற்றி இறக்குவது எப்போதுமே நம் ஊரின் பெரிய பிரச்சினை. மூணாறு தேயிலையைக் கீழே கொண்டுவர வெள்ளைக்காரர்கள் என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் அதையே இரண்டு அடி அகலக் குட்டி ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்குக் கம்பிவடத்தில் சரக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்கு வருடம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காய்க்கோ அன்றும் தலைச்சுமையும் பொதிமாடும் கழுதையும்தான்.

தோட்டத்துக்குள் டிராக்டர் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஏலம் மர நிழலில், சரிவில் வளரும் செடி. மரத்துக்கும் செடிக்கும் நடுவில் ஆள் நடக்கத்தான் வழி. உழவும் கிடையாது. எனவே டிராக்டருக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் தோட்டம் வரைக்கும் ஆளையும் அரிசியையும் உரத்தையும் ஏற்ற, காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு இழுக்க, உலர்ந்த காயை இறக்க ஒரு இழுவை வண்டி வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததுதான் ஜீப்.

இப்போது வரலாற்றுப் பாடம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்தால் யாருக்கு விற்பது? வில்லிஸ் கம்பெனி விவசாயியைப் பார்த்தது. 1945-ல் வந்த சி.ஜே.2ஏ என்ற முதல் பொதுமக்கள் ஜீப்பை 'டிராக்டராகவும் உழைக்கும் வண்டி' என்றே விளம்பரம் செய்தார்கள். பின்னால் கலப்பை மாட்டலாம், எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து ரம்பமோ பம்போ ஓட்டலாம். ஆக, ஜீப் பட்டாளத்தில் பிறந்தாலும் பொதுவாழ்க்கையைத் தொடங்கியது டிராக்டராகத்தான்.

அதே 1945 அக்டோபர் 2-ல் நம் நாட்டில் 'மகிந்திரா அண்டு முகமது' என்ற கம்பெனி தொடங்கியது. 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகக் கொண்டுவந்து பூட்ட ஆரம்பித்தார்கள். பங்குதாரர் குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். 1948-ல் கம்பெனி பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' ஆனது.

1963-ல் இதே மகிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கியது. பி-275 என்ற டிராக்டர் அதில் வந்ததுதான். 1977-ல் அந்தக் கம்பெனி மகிந்திராவோடு இணைந்தது. பெட்ரோல் விலை ஏறிய பிறகு அந்த டிராக்டர் வழி வந்த டீசல் எஞ்சின் ஜீப்புக்குள்ளும் ஏறியது. கம்பெனியே செய்ததும் உண்டு, பட்டறைகளில் மாற்றிக்கொண்டதும் உண்டு. டிராக்டர் எஞ்சினுக்கு வேகம் கிடையாது, இழுவை உண்டு. 17 வளைவு ஏறுகிறவனுக்கு வேகம் எதற்கு?

ஏழாம் வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? தூரத்தை விட்டுக்கொடுத்தால் விசை கிடைக்கும் என்றேன். ஜீப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன கியர் கம்பி இருக்கும். அதைத் தாழ் நிலையில் போட்டால் வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறையும், இழுவிசை அதே அளவு கூடும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நம் டிரைவர்கள் பௌதிகம் படிக்கவில்லை. மழையில் வழுக்கும் மண் பாதையில் அந்தக் கம்பியை எப்போது தொடவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி என் கதை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய ஜீப்பை வாங்கினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் 1968 என்று இருந்தது. உயர்ந்த பானெட் கொண்ட சி.ஜே.3பி ரகம். புதிய எஞ்சினில் வால்வுகள் மேலே வந்ததால் எஞ்சின் உயரம் கூடி, பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அதுதான் அந்த முகத்துக்குக் காரணம். பிறகு பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டிராக்டர் டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். பின்பக்கம் சேசிஸை வெட்டி ஒட்டி நீட்டியிருந்தார்கள். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள். உள்ளே இரண்டு பக்கமும் பலகை, நிற்பவர்கள் பிடிக்க மேலே இரும்புக் கம்பி.

வேலை செய்தது என்னிடம் ஏழாம் வகுப்பு வரை படித்த ஒரு மாணவர். இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். டீசல் பம்பையும் நாசிலையும் தேனிக்கு அனுப்பிச் சரிபார்த்தோம். கிளட்ச் பிளேட், பிரேக், முன் ஆக்சில் பேரிங் எல்லாம் மாற்றினோம். பெயின்டைச் சுரண்டும்போது ஒன்றன் கீழ் ஒன்றாகப் பச்சை, நீலம், மறுபடி பச்சை என்று வந்தது. ஸ்கூல் சுவருக்கு வருடா வருடம் வெள்ளையடிப்பது போல.

ஒரு நாள் முன் சீட்டுக்குக் கீழே இருக்கும் கருவிப் பெட்டியைத் திறந்தோம். மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் வரிசையாகக் கணக்கு. "ஆ 11 அ 4", "ஆ 12 அ 3", "ஆ 10 அ 5". ஆட்களை ஏற்றிப்போன கங்காணி யாரோ எழுதியது.

"ஆ-ன்னா ஆளு. அ என்னப்பா?" என்று கேட்டேன்.

"அரை ஆளு சார். சின்னப் பிள்ளைங்க. அரைச் சம்பளம்."

நான் பேசாமல் இருந்தேன். அவரே சொன்னார். "இந்த வண்டியா வேற வண்டியான்னு தெரியாது சார். ஆனா நானும் அரை ஆளாப் போயிருக்கேன். விடியக்காலம் நாலரைக்கு எங்கம்மா எழுப்பிவிடும். ஏறினதும் தூங்கிருவேன்."

மாணவர்களே, இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். என் வருகைப் பதிவேட்டிலும் ஒரு 'ஆ' உண்டு. ஆப்சென்ட் என்பதற்கு 'ஆ' போடுவேன். காய் எடுப்புக் காலத்தில் வரிசையாக 'ஆ' விழும். சத்துணவு 1982-லேயே விரிவாக்கப்பட்டிருந்தது, மதியச் சோறு பள்ளியில் உண்டு. ஆனால் ராத்திரிச் சோறு? சில வாரங்கள் வராவிட்டால் விதிப்படி பெயரை நீக்கினேன். இவர் பெயரையும் நான்தான் சிவப்பு மையில் அடித்தேன். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவர்கள் கணக்கில் அவர் அரை ஆள், என் கணக்கில் அந்த அரையும் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. ஒரு வாத்தியார் தெருவில் இறங்கி நடக்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

இதை அவரிடம் சொன்னேன். "விடுங்க சார், பிரேக்கைப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

வண்டி தயாராகும் நேரத்தில் ஒரு யோசனை வந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய, சொந்தப் பயன்பாட்டு வண்டியாக இருந்தால் 'வி.ஏ.' எழுத்துடன் தனி நம்பர் வாங்கலாம். ஆனால் நிபந்தனை உண்டு. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. வெளியூர் அன்பர் ஒருவர், "பழைய பெட்ரோல் எஞ்சின் தேடிப் போட்டு, நீட்டின பகுதியை வெட்டி, ஒரிஜினலா மாத்திக் குடுங்க, நல்ல விலை தர்றேன்" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒரிஜினல் என்றால் எது? 1968-ல் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததா? அப்படியானால் அந்த டிராக்டர் எஞ்சினும், நீட்டிய சேசிஸும், பலகையும், கம்பியும், மூடியில் இருக்கும் கணக்கும் வெறும் பிழைகளா? அவற்றை வெட்டி எறிந்தால் வண்டி அழகாகத்தான் இருக்கும். நம் ஊர் அதில் இருக்காது. துருவை மட்டும் எடுத்தோம், மாற்றங்களை எடுக்கவில்லை. மூடிக்குப் பெயின்டே அடிக்கவில்லை.

இந்த மாற்றங்களை நான் புகழவும் இல்லை. நீட்டிய வண்டியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, அந்த வளைவுகளில் உயிர் போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஓட்டியவரின் திறமையும் ஏற்றியவரின் பேராசையும் ஒரே வண்டியில்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் வரலாறு என்று சொல்ல வேண்டும்.

வண்டிக்கு இப்போது ரோட்டில் ஓட அனுமதி இல்லை. முந்தல் பக்கம் மச்சான் தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது. மாங்காய்க் கூடை, இலவங்காய் மூட்டை, தென்னை மட்டை இழுக்கிறது. தங்கை மகனுக்கு வீடியோ அனுப்பினேன். "மாமா, இது தோட்டத்து டிராக்டரேதான்" என்று பதில் போட்டான். அவனுடைய மஞ்சள் வண்டியையும் என் வண்டிக்குள் இருக்கும் எஞ்சினையும் பெற்றெடுத்தது ஒரே கம்பெனி என்று சொன்னதும் அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

போன வாரம் பட்டறைக்காரர் தன் அம்மாவைத் தோப்புக்கு அழைத்து வந்தார். எண்பதை நெருங்கும் வயது. அந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்து, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். "இது ரொம்ப உசரம். எனக்கு எட்டவே எட்டாது. பக்கத்துல நிக்கிறவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவேன்" என்றார். பிறகு மாங்காய் பொறுக்கப் போய்விட்டார்.

இதைப் படிப்பவர்களில் சிலர் அந்த ஜீப்புகளில் போனவர்கள், இன்னும் பலருடைய அம்மாவும் பாட்டியும் போனவர்கள். எந்த வருடம், எந்தத் தோட்டம், என்ன கூலி, எத்தனை பேர் ஏறினீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத வராதவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இந்தப் பதிவேட்டில் யாருக்கும் 'ஆ' போடமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
போடி.