கிணற்று மோட்டார் கேபிளும் மின்காப்பும் (பெரியகுளம் வட்டாரம்)

பெரியகுளம் வட்டாரத்தின் தோட்டக் கிணறுகளில் கமலைக் கயிறு இருந்த இடத்துக்கு மின் கேபிள் வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். வராக நதியும் கண்மாய்களும் வயல்களுக்கு நீர் தந்தன. அவை எட்டாத மலையடிவார மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் கிணற்றை நம்பியிருந்தன. கமலையில் வடக்கயிறு, வால்கயிறு என இரண்டு கயிறுகள் உண்டு. கயிறு அறுந்தால் முடிச்சுப் போட்டு மறுபடி இறைக்கலாம். கேபிளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மின்சாரம்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோவையில் 1937-இல் உள்நாட்டிலேயே மோட்டார் உருவாக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. அதே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் லோயர் கேம்ப் நிலையம் 1958 முதல் இயங்கியது. பின்னர் அதில் தலா 35 மெகாவாட் திறனுள்ள 4 இயந்திரங்கள் அமைந்தன. 1990-இல் தமிழக விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டது. மின்சாரம்தான் இலவசம்; கேபிளும் ஸ்டார்ட்டரும் எரிந்துபோன காயிலும் விவசாயியின் செலவு.

இறக்குதலும் ஏற்றுதலும்

தொடக்ககாலப் பம்புகள் மையவிலக்கு வகை. அவை நீரை உறிஞ்சும் உயரம் நடைமுறையில் சுமார் 20 முதல் 25 அடிதான். நீர்மட்டம் அதற்கும் கீழே போனால் மோட்டாரையே கிணற்றுக்குள் இறக்க வேண்டும். உள்சுவரில் கல்லோ இரும்புச் சட்டமோ பதித்து அதன்மேல் மோட்டாரை வைத்தனர். கோடையில் இறக்குவதும் ஐப்பசி மழையில் ஏற்றுவதும் வழக்கமான வேலையாயின.

மோட்டார் அறையின் ஸ்டார்ட்டரிலிருந்து வரும் கேபிளை, இறக்கத்துக்கு வேண்டிய மிச்ச நீளம் விட்டுச் சுருட்டி மாட்டினர். நீளம் போதாதபோது ஒட்டுப் போட்டனர். ஆபத்து அந்த ஒட்டில்தான் இருந்தது. மெயினை இறக்காமல் ஈரக் கேபிளைத் தொட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. இரவு மழையில் நீர் ஏறி மோட்டார் மூழ்கினால் காயில் கட்ட வேண்டும். மழைநாளில் பயிர் காயாது என்றாலும் கடன் ஏறும்.

காப்பு

முதலில் இருந்த காப்பு ப்யூஸ் கம்பி. அது அடிக்கடி போனால் தடித்த கம்பியைப் போட்டுவிடுவது ஊர் வழக்கம். அப்போது ப்யூஸுக்குப் பதில் மோட்டார் எரியும். கிளம்பும்போது மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ 6 மடங்கு இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. ஸ்டார்ட்டரில் இருந்த ஓவர்லோடு ரிலே, மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டித்தது.

மும்முனை மின்சாரத்தில் ஒருமுனை போய்விடுவது இன்னொரு தொல்லை. அப்போது மற்ற இரு முனைகளிலும் சுமார் 1.73 மடங்கு மின்னோட்டம் பாய்ந்து காயில் சூடாகும். ரிலேயை உயர்த்தி வைத்திருந்தால் அது கண்டுகொள்ளாது. இதற்கென ஒருமுனைத் தடுப்பான் வந்தது. ஆனால் இரு முனைகளில் மட்டும் மின்சாரம் வந்த நேரங்களில் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டியவர்கள், அந்தத் தடுப்பானையே கழற்றிவிட்டனர். காய்கிற தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை இதற்காகக் குறை சொல்வது எளிதல்ல.

நீர்மூழ்கி மோட்டார்

ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் மோட்டார் நீருக்குள்ளேயே போனது. ஏற்றி இறக்கும் ஆண்டு வேலை குறைந்தது. ஆனால் பழுது வந்தால் முக்காலியும் கப்பியும் வைத்து, குழாய் குழாயாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். தட்டையான மூன்று கம்பிக் கேபிளைக் குழாயோடு இடைவெளி விட்டுக் கட்டுவர். எடையைக் குழாயும் தனிக் கயிறும் தாங்கும். கேபிளைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் ஒட்டு விடும், நீர் புகும். செம்புக் கம்பிக்காகக் கேபிள் களவு போவதும் நடப்பதால் மேலே தொங்கும் நீளத்தைச் சிலர் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர்.

இப்போது பேனல் போர்டுகளில் மின்எழுச்சித் தடுப்பானும் சேர்கிறது. இடி, மின்னலால் கம்பியில் ஏறும் மிகை அழுத்தத்தை அது நிலத்துக்குத் திருப்பிவிடும். அதற்கு எர்த் சரியாக இருக்க வேண்டும். கரியும் உப்பும் இட்டு இரும்புக் குழாய் புதைத்த எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் தோட்டங்களில் இன்றும் உள்ளது.