மனத்திலே வெட்டிய கிணறு

சென்ற ஆடி மாதத்தில் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு நூலக விழாவில் பேசப் போயிருந்தேன். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் தாண்டிப் போய் இறங்கினால், அது முற்றிலும் வேறோர் உலகம். சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் ஒரு பக்கம். கல்கத்தா நெடுஞ்சாலையில் இரும்பு ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் ஓடும் லாரிகள் இன்னொரு பக்கம். நான் மேடையில் பேசிய பேச்சில் பாதியை லாரிகளே கேட்டிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. தகப்பனாருக்கு ஏதோ ஓர் ஆலையில் ஷிப்டு வேலை.

"சார், இவன் புஸ்தகத்தைத் தொறந்து வெச்சா அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டேங்கிறான். நீங்க பெரியவங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றாள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டே, "படிக்கணும்னுதான் சார் உக்கார்றேன். வாசல்ல லாரி போவுது. பக்கத்து வீட்ல டிவி. கையில போனு. சரி, காலையில எழுந்து படிச்சிக்கலாம்னு தோணுது. காலையில எழுந்தா, ராத்திரி படிச்சிக்கலாம்னு தோணுது" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை; வெட்கம்தான் வந்தது. ஏனென்றால், நானும் பாடப் புத்தகத்துக்கு அடியில் நாவலை வைத்துப் படித்து, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சொல்லியே கல்லூரிப் படிப்பைப் பாதியில் கோட்டை விட்டவன். அந்தக் காலத்தில் என் கையில் செல்போன் இல்லை. வாசலில் லாரியும் இல்லை. நான் அவனுக்கு என்ன உபதேசம் செய்வது? "யோசித்து எழுதுகிறேன், தம்பி. பத்திரிகையில் வரும், பார்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பையனின் கேள்விக்கு அவனுடைய மாவட்டத்திலேயே, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பு வாழ்ந்த ஒருவர் விடை வைத்திருப்பது ஞாபகம் வந்தது.

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் ரயில் பாதையில், ஆவடிக்கு அப்பால் திருநின்றவூர் என்று ஒரு நிலையம் இருக்கிறது. பேச்சு வழக்கில் 'திண்ணனூர்'. அங்கேதான் பூசலார் நாயனார் இருந்தார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம்முடைய திருத்தொண்டத் தொகையில் ஊரையும் பெயரையும் சுருக்கமாகக் குறிப்பிட்டு மேலே போய்விடுகிறார். அந்தச் சிறு குறிப்பைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துச் சொன்னார். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள்.

பூசலாருக்குச் சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட ஆசை. பணத்துக்கு அலைந்தார், கிடைக்கவில்லை. நம்மைப் போன்றவர்களாக இருந்தால், "பணம் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று திண்ணையில் சாய்ந்திருப்போம். ஒத்திப் போடுவதற்கு அதைவிட நியாயமான காரணம் வேறு என்ன வேண்டும்? அவரோ உள்ளத்திலேயே திரவியம் சேர்த்தார். உள்ளத்திலேயே தச்சரையும் சிற்பியரையும் தேடிக் கொண்டார். நல்ல நாள் பார்த்து அடிநிலை போட்டார். இரவிலும் கண் உறங்காமல் வேலை நடந்தது.

சேக்கிழார் இதோடு விட்டிருந்தால் இது பக்தியைப் பற்றிய அழகான கற்பனையாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் அவர் சோழ ராஜ்யத்தில் மந்திரியாக இருந்தவர். காரியம் எப்படி நடக்கும் என்று அறிந்தவர். ஆகையால் கணக்கை முழுமையாகக் கொடுக்கிறார். அடிநிலை முதல் சிகரம் வரை வரிசையாக எழும்பிய பிறகு, உச்சியில் தூபி நட்டாயிற்று. சுதை பூசியாயிற்று. ஒரு கிணறு வெட்டியாயிற்று. கோயிலைச் சுற்றி மதில் எழுப்பியாயிற்று. குளம் தோண்டியாயிற்று. கடைசியில் குடமுழுக்குக்கு ஒரு நாளும் குறித்தாயிற்று.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மனத்தில் கோயில் கட்டுகிறவனுக்குக் கிணறு எதற்கு? கற்பனையில் தாகம் எடுக்குமா? நானாக இருந்தால் எடுத்த எடுப்பிலே விமானத்தை வானளாவ நிறுத்தி, தங்கக் கலசமும் வைத்து, அதன் அழகில் மயங்கி உட்கார்ந்துவிடுவேன். நம்முடைய மனக்கோட்டைகள் எல்லாம் அப்படிப்பட்டவைதாம். கோபுரம் மட்டும் இருக்கும். கிணறு இராது, சுற்றுச்சுவர் இராது, சுண்ணாம்புப் பூச்சு இராது. பரீட்சையில் முதலாவதாகத் தேறி மாலை போட்டுக்கொள்வதை எல்லாப் பையன்களும் மனத்தில் பார்த்துவிடுகிறார்கள். மூன்றாம் பாடத்தில் ஏழாவது கணக்கைப் பார்ப்பவன்தான் இல்லை. பூசலாருடைய மகிமை அவர் கோயிலை நினைத்ததில் இல்லை. கிணற்றையும் விடாமல் நினைத்ததில்தான் இருக்கிறது.

அதே சமயத்தில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் ஒருவன் நிஜமான கல்லில், நிஜமான பொன்னைச் செலவு செய்து ஒரு கோயில் எழுப்பிக்கொண்டிருந்தான். சேக்கிழார் அவனைக் காடவர் கோமான் என்று மட்டும் சொல்லுகிறார். ஏறத்தாழ 700 முதல் 728 வரை ஆண்ட இராஜசிம்மன் என்றும், கோயில் இன்றும் நாம் பார்க்கும் கைலாசநாதர் ஆலயம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த ஆலயத்தின் வடமொழிக் கல்வெட்டு ஒன்றில் ஓர் அதிசயமான செய்தி இருக்கிறது. முந்தைய யுகத்து அரசர்கள் அசரீரி வாக்குக் கேட்டார்கள் என்றால் அதில் வியப்பில்லை. இந்தக் கலியுகத்தில் நம் மன்னன் அதைக் கேட்டானே என்று புகழ்கிறது கல்வெட்டு. பூசலார் கதைக்கு இதுவே சாட்சி என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஏதோ ஒரு வாக்கை அரசன் கேட்டதாகக் கல்லிலே பொறித்திருக்கும்போது, கதையும் கல்வெட்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைப்பது போல் தோன்றுகிறது.

அரசன் கேட்ட வாக்கு, சேக்கிழார் சொல்லுகிறபடி, கனவில் வந்தது. "நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலில் நாளைக்கு நாம் புகுகிறோம். உன்னுடைய வைபவத்தை வேறொரு நாளைக்குத் தள்ளி வை" என்பது அதன் சாரம். ஒத்திப் போடுவதைப் பற்றிய கட்டுரையில் இந்த வேடிக்கையைக் கவனிக்காமல் போகலாமா? ஒன்றும் இல்லாத ஏழை தான் குறித்த நாளை மாற்றவில்லை. எல்லாம் உள்ள ராஜாதான் தள்ளிப் போட நேர்ந்தது.

அரசன் நின்றவூருக்கு ஓடி வந்தான். "பூசல் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டான். "அப்படி ஒரு கோயிலே இங்கு இல்லையே" என்றார்கள் ஊரார். அந்தணரைத் தேடிப் பிடித்து வணங்கி, கனவைச் சொன்னான். பூசலார் திடுக்கிட்டு, தம் உள்ளத்தில் கட்டிய கதையைச் சொன்னார். அரசன் நிலத்தில் விழுந்து பணிந்துவிட்டுத் தன் ஊர் திரும்பினான். இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்ற பெயரில் ஒரு கோயில் இருக்கிறது. இருதய நோய் உள்ளவர்கள் அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். படிப்பில் மனம் நிற்காத பிள்ளைகளும் வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

"அவர் நாயனார், நாம் மனிதர்கள்" என்று நீங்கள் சொல்லக் கூடும். சரி, நமக்குச் சமீப காலத்து மனிதர்களையே பார்ப்போம்.

கணித மேதை ராமானுஜனைவிட மனத்தை ஒருமுகப்படுத்தியவர் யார்? சிலேட்டில் கணக்குப் போடுவார். துணி எடுத்துத் துடைக்க நேரமில்லாமல் முழங்கையால் அழிப்பார். 1912-ஆம் வருஷம் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே உலகம் வியக்கும் கணிதம் செய்தார். ஆனால் அதே ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907-இல் எப்.ஏ. பரீட்சையில் தவறினார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. பிடித்ததில் மூழ்குவது ஒரு சக்தி. பிடிக்காததிலும் மனத்தை உட்கார வைப்பது இன்னொரு சக்தி. முதலாவது அவரிடம் கடல்போல இருந்தது, இரண்டாவது இல்லை. ராமானுஜன் ஒருவருக்கு உலகம் அதை மன்னித்தது. மன்னிக்கும் முன்பு பட்டினி போட்டுப் பார்த்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் திருத்தணியில் பிறந்தவர். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தபோது திருத்தணி வடஆற்காடு ஜில்லாவில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தத்துவத்தை எடுத்துக்கொண்டது தத்துவத்தின் மீது கொண்ட காதலால் அல்ல. உறவினர் ஒருவர் தத்துவத்தில் பட்டம் பெற்றுவிட்டுத் தம்முடைய பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். வசதி இல்லாத குடும்பம், புத்தகம் இலவசமாகக் கிடைத்தது, அதுவே பாடமாயிற்று. அவற்றுள் ஸ்டவுட் என்ற ஆங்கிலேயர் எழுதிய மனோதத்துவ நூலும் ஒன்று. 'கவனம்' என்பதைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஸ்டவுட் என்பது தற்செயலாக அமைந்த பொருத்தம். இரவல் புத்தகத்தில் உட்கார வைத்த மனம், பின்னால் அந்தச் சாஸ்திரத்தையே உலகுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. பிடித்த பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் அவர் திருத்தணியிலேயே காத்திருந்திருப்பார். படித்தார், பிறகு பிடித்தது.

மூன்றாவதாக ஒருவர். அவருடைய கதைதான் எனக்கு எப்போதும் மனத்தைத் தொடுவது. உ.வே. சாமிநாதையர் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். தகப்பனார் சங்கீத வித்துவான். அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைச் செய்த அதே பாரதியார். மகன் சங்கீதத்திலும் தேறவேண்டும் என்று தகப்பனாருக்கு ஆசை. ஆகவே தமிழ்ப் பாடம் போக மிச்ச நேரத்தில் பாரதியாரிடம் பாட்டும் நடந்தது. இது பிள்ளையவர்களுக்குத் தெரிந்தது. சங்கீதத்தில் மனம் அதிகமாக ஈடுபட்டால் இலக்கிய இலக்கணப் பயிற்சி ஆழமாகாது என்பது அவர் கருத்து. சாமிநாதையர் பாட்டை நிறுத்திவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். பதினாறு, பதினேழு வயசு, வீட்டுச் சொத்தான சங்கீதம், ஆசிரியரோ பாரதியார். கெட்ட பழக்கத்தை விடுவது கஷ்டம் என்கிறோம். நல்லதை விடுவதல்லவா அதைவிடக் கஷ்டம்! அந்தப் பையன் பாட்டை விட்டதனால்தான் 1887-இல் நமக்குச் சீவக சிந்தாமணி அச்சில் கிடைத்தது என்று சொன்னால், அதில் பெரும் பகுதி உண்மை இருக்கும். இழந்த சங்கீதத்துக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? ஒன்றைக் கையில் எடுப்பதற்கு இன்னொன்றைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. வைக்கும்போது வலிக்கத்தான் வலிக்கிறது.

ஆக, தம்பி, எனக்குத் தெரிந்த விடை இவ்வளவுதான். லாரிச் சத்தம் நிற்காது. பூசலாருக்குப் பணம் வரவில்லை; உனக்கு நிசப்தம் வராது. அது வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று இருக்காதே. கோபுரத்தைப் பற்றிக் கனவு காணாதே. இன்று வெட்ட வேண்டிய கிணறு எது என்று பார். அது ஏழாவது கணக்காக இருக்கலாம். வேதியியலில் ஒரு சமன்பாடாக இருக்கலாம். பிடிக்கவில்லை என்றாலும் முதலில் உட்கார். பிடிப்பது பின்னால் வரும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனத்தோடு சண்டை போடாதே. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா. சங்கீதத்தையே கீழே வைத்த ஒரு பையன் இருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் குறித்துக்கொள். குறித்த நாளை நீ மாற்றாதே. மாற்ற வேண்டியவர்கள் ராஜாக்களாக இருந்தால் மாற்றிக்கொள்ளட்டும்.

இதை எழுதி முடித்துவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். மறுபடியும் ஆடி மாதம் பிறந்திருக்கிறது. "யோசித்து எழுதுகிறேன்" என்று அந்தப் பையனிடம் சொல்லி முழுசாக ஒரு வருஷம் ஆகிவிட்டது! 'நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்' என்று நான் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவன் பரீட்சையே எழுதி முடித்து, முடிவும் வந்திருக்கும். லாரிகளுக்கு நடுவில், என் உதவி இல்லாமலே, அவன் தன்னுடைய கிணற்றை எப்படியாவது வெட்டியிருப்பான் என்று நம்புகிறேன். வெட்டியிருந்தால், இந்தக் கட்டுரை அவனுக்கு வேண்டியதில்லை. நான்தான் இன்னொரு தடவை படிக்க வேண்டும்.