புதுப்பிக்கத் தவறிய அட்டை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த வாரமே எங்கள் ராசிபுரம் பக்கத்தில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "புள்ளைய எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சாச்சுங்களா?" கேட்பவர் பால் சொசைட்டிக்காரராக இருக்கலாம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவராக இருக்கலாம். மேலே என்ன படிக்கப் போகிறாள் என்ற கேள்விகூட அதற்கு அடுத்ததுதான். 1995இல் நானும் அப்பாவோடு சேலம் போய்ப் பதிந்தேன். நாமக்கல் அப்போது தனி மாவட்டமாகியிருக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். என்ன வேலைக்குப் போக ஆசை என்று என்னிடம் முதன்முதலில் கேட்ட மனிதர் அவர்தான். படிவத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "டீச்சர்னு வெச்சுக்கலாம் கண்ணு" என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார்.

அந்த மரத்தடியைத்தான் என் முதல் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்பேன். உள்ளே இருந்த அலுவலகம் வழிகாட்டவில்லை என்று குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது யாருக்காகக் கட்டப்பட்டது, அதற்குள் பெண் எந்த வழியாக நுழைந்தாள் என்று பார்ப்பதற்காகவே எழுதுகிறேன்.

வேலை தேடுபவர்களுக்கு உதவ அரசே அலுவலகம் திறப்பது என்பது இருபதாம் நூற்றாண்டின் யோசனை. இங்கிலாந்தில் 1909இல் சட்டம் வந்து, 1910 பிப்ரவரியில் தொழிலாளர் பரிமாற்ற நிலையங்கள் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் ஒரு தொழில் வழிகாட்டும் பணியகம் தொடங்கினார். உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வகுத்த முறை. இன்றைக்கும் உலகமெங்கும் வழிகாட்டிகள் அடிப்படையில் இதைத்தான் சொல்கிறார்கள். இந்தியாவுக்கு இந்த அலுவலகம் போரின் வழியாக வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், 1945 ஜூலையில், படையிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு மறுவாழ்வும் வேலையும் தேடித் தர ஓர் இயக்ககம் அமைந்தது. பிரிவினைக்குப் பிறகு அகதிகளும் அதன் பொறுப்பானார்கள். 1948இல்தான் அது எல்லோருக்கும் திறந்தது. மொழிவழி மாநிலங்கள் உருவான அதே 1956 நவம்பர் 1 அன்று அதன் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. ஆக, அந்தப் பதிவேட்டின் முதல் வேலைதேடி சீருடை கழற்றிய ஆண். அவனுக்கு ஊர் மாறாது, தலைப்பெழுத்து மாறாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

1959இல் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கச் செய்யும் சட்டம் வந்தது. அரசுத் துறைகளும், 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவித்தால் போதும், அங்கிருந்து ஆள் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. விலக்குகளைப் பாருங்கள்: விவசாய வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்குக் குறைவான வேலை, அலுவலகத்தில் பயிற்சி தேவைப்படாத வேலை. சேலம், நாமக்கல் சமவெளியில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? மரவள்ளிக் காட்டில், ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கும் இடத்தில், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டு, தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டு, சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்காக வீட்டுத் திண்ணையில் வெள்ளி வளையம் கோத்துக்கொண்டு. கோப்பில் 'வேலையற்றவர்' என்று பதிந்திருந்த பல பெண்கள் அன்று காலை நான்கு மணிக்கே எழுந்து வேலைக்குப் போயிருந்தார்கள். அந்த வேலைகளை வேலை என்று எண்ண அலுவலகத்தில் படிவம் இல்லை.

இனி அட்டைக்கு வருகிறேன். மடித்து மடித்து நான்காகக் கிழிந்துபோகும் அந்தக் காகிதத்தில் பதிவு எண் இருக்கும், புதுப்பிக்க வேண்டிய மாதம் இருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும். இருப்பிடத்துக்குச் சான்று ரேஷன் கார்டு. ரேஷன் கார்டு குடும்பத்துக்கு உரியது, குடும்பத்தலைவர் பெயரில் இருப்பது. கல்யாணமானால் அப்பா வீட்டு கார்டில் பெயரை நீக்கி, நீக்கல் சான்று வாங்கி, புகுந்த வீட்டு கார்டில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகுதான் வேலைவாய்ப்புப் பதிவைப் புது மாவட்டத்துக்கு மாற்ற முடியும். விதி என்று பார்த்தால் இதில் அநியாயம் எதுவும் தெரியாது. ஆணுக்கும் இதே விதிதான். ஆனால் எந்த ஆண் கல்யாணத்துக்காக மாவட்டம் மாறினான்?

என் சித்தி ஆசிரியர் பயிற்சி முடித்து 1986இல் பதிந்தவர். இரண்டு ஆண்டு கழித்து ஈரோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க யாருக்கும் அவசரமில்லை. "வேலைக்கா அனுப்பப் போறோம், இருக்கட்டும் அம்மிணி" என்று மாமியார் சொன்னாராம். 1989இல் புதுப்பிக்கும் மாதம் வந்தபோது சித்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தார், அட்டை அங்கே பீரோவில் இருந்தது. மறுபடி பதிந்தது 1991இல். ஐந்தாண்டு மூப்பு கரைந்துபோயிற்று. அவரோடு ஒரே நாளில் பதிந்த தோழிக்கு அரசுப் பள்ளியில் வேலை வந்த செய்தியை அவர் சொல்லும்போது குரலில் பொறாமை இருக்காது. தேதிகளை மட்டும் துல்லியமாகச் சொல்வார்.

புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவிக்கும். செய்தித்தாளில் நான்கு வரி வரும். அந்த நான்கு வரியைப் பார்த்து, கத்தரித்து, கட்டிக்கொடுத்த மகளுக்கு யாராவது அனுப்ப வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இதைச் செய்தார். யார் அட்டை எந்த மாதம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். வழிகாட்டுதலின் வரலாற்றை எழுதினால் பார்சன்ஸுக்குப் பக்கத்தில் அந்த நோட்டை வைப்பேன்.

முன்னுரிமைப் பட்டியலையும் சொல்ல வேண்டும். அதில் ஆதரவற்ற விதவைக்கு இடம் உண்டு. கோட்டாட்சியரிடம் சான்று வாங்க வேண்டும். அரசுப் பணியில் பெண்களுக்கான 30 சதவீதத்துக்குள்ளும் ஆதரவற்ற விதவைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு உண்டு. எத்தனையோ குடும்பங்களை இது காப்பாற்றியது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் உன்னைத் தாங்க ஆள் இருக்கிறதா என்ற கேள்வியோடு வேலை இங்கே எப்படிப் பிணைந்திருக்கிறது பாருங்கள். 1989 இந்த வகையில் விசித்திரமான ஆண்டு. பெண்ணுக்குச் சொத்துரிமை, வேலையில் 30 சதவீதம், திருமண உதவித் திட்டம் எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் திருமண உதவிக்குக் கிடைத்தது. அந்தத் திட்டம் மாணவியின் கையில் மாதம் 1000 ரூபாயாக மாற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருக்கும் வீட்டுக்கு வேறொரு வழிகாட்டியும் வந்தார். நூற்பாலை ஏஜென்ட். மேற்கு மாவட்டங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் பெயர் வைத்து, மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் 30,000, 50,000 ரூபாய் என்று மொத்தமாகத் தருவதாகச் சொல்லி வயசுப் பெண்களை அழைத்துப் போனார்கள். நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு உலகம் இதைப் பேசியது. எங்கள் ஊர்களுக்கு அது முன்பே தெரியும். அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது: பேச வேண்டியது பெண்ணிடம் இல்லை, வீட்டாரிடம். அலுவலகம் கற்காத பாடத்தை அவர் கற்று, தவறாகப் பயன்படுத்தினார்.

மூப்பின் மதிப்பும் நிற்கவில்லை. அலுவலகப் பட்டியலோடு பொது விளம்பரமும் வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. பதினைந்து ஆண்டு அட்டையைக் காத்தவர்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை சொல்லிக்கொடுக்கும் வயதில் தாங்களே பரீட்சைக்குப் படித்தார்கள். தேர்வு வேண்டாம் என்பதல்ல என் வாதம். காத்திருக்கச் சொல்லிப் பழக்கிவிட்டு, ஒரு நாள் ஓடச் சொன்னோம்.

இப்போது மாவட்ட அலுவலகத்தின் பெயரிலேயே 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' சேர்ந்துவிட்டது. பதிவும் புதுப்பித்தலும் இணையத்தில் நடக்கின்றன. தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு உண்டு, தனியார் வேலை முகாம்கள் உண்டு, கல்லூரியில் 2022 முதல் 'நான் முதல்வன்' பாடங்கள் உண்டு. மாநிலப் பதிவேட்டில் சமீப ஆண்டுகளில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். பயோடேட்டா எழுதவும் நேர்காணலில் கை கட்டாமல் உட்காரவும் என் மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நானும் சொல்லித் தருகிறேன். அதோடு வேறு சிலவற்றையும் கேட்பேன். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் தலைப்பெழுத்து ஒன்றா? சான்றிதழ்கள் யார் பீரோவில் இருக்கின்றன? உன் போனுக்கு வரும் அழைப்பை வீட்டில் யார் எடுப்பார்? முதல் மாதச் சம்பளம் வரும்வரை விடுதிக்கு யார் பணம் தருவார்?

போன செமஸ்டரில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்திக்கு ஓசூரில் நேர்காணல். "மேம், அப்பாகிட்ட நீங்க பேசுறீங்களா?" என்றாள். பேசினேன். லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர், பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வெச்சிருக்கமுங்களே மேடம், அது பத்தாதுங்களா?" என்றார். மூன்று முறை பேச வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவள் அம்மாவும் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு அப்பாவும் மகளுமாகப் போனார்கள். சான்றிதழ் ஃபைலை யார் வைத்துக்கொள்வது என்று புறப்படும்போது ஒரு சின்னப் பேச்சு நடந்ததாம். அவள் வைத்துக்கொண்டாள்.